34 எண்களில் ஒரு இன்ட்ரோ: கிராக்ட்ரோ காலத்தைக் கையால் தொட்டுப் பார்க்க

எனக்கு அப்போது 14 வயது. அண்ணனின் நண்பர் கொடுத்த ஃப்ளாப்பியைப் போட்டு எண்டர் தட்டினேன். விளையாட்டு வரவில்லை. கருப்புத் திரையின் நடுவில் ஏதோ ஒரு குழுவின் பெயர் மின்னியது. கீழே எழுத்துகள் அலையில் மிதப்பது போல ஏறி இறங்கி ஓடின. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விளையாட்டு தொடங்கிவிடும் என்று தெரியும், ஆனால் தட்ட மனம் வரவில்லை. ஓடும் வரி முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும்வரை உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் டைரக்டரியில் அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன். 6 கேபிகூட இல்லை. அன்று மாலை நான் எழுதி வைத்திருந்த பேசிக் நிரல் அதைவிடப் பெரியது, அது செய்ததெல்லாம் திரையில் ஒரு வட்டம் வரைவது.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் பழைய டெமோக்களை, அதாவது நிரலே ஓடும்போது வரைந்து காட்டும் காட்சிகளை, வீடியோவில் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். ஆனால் எவ்வளவு சின்ன இடத்துக்குள் அது அடங்கியிருக்கிறது என்பது வீடியோவில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, நான் பார்த்த முகப்புக் காட்சி போன்ற ஒரு சின்ன இன்ட்ரோவைத் தன் கையால் அடித்து, ஓடவிட்டு, ஒரு எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது போதும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் இந்த இன்ட்ரோக்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1980-களில் விளையாட்டுகள் நகலெடுக்க முடியாதபடி காப்புப் பூட்டோடு வந்தன. பூட்டை உடைப்பவர்கள் தங்கள் பெயரை விளையாட்டின் முகப்பில் போட்டுக்கொண்டார்கள். முதலில் வெறும் பெயர்தான். 1982-இல் கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி வந்த பிறகு பெயரோடு நிறப்பட்டைகள், ஓடும் எழுத்து, இசை எல்லாம் சேர்ந்தன. இதற்குத்தான் கிராக்ட்ரோ என்று பெயர். விளையாட்டுப் போக டிஸ்கில் மிஞ்சிய இடத்துக்குள் அது அடங்க வேண்டும். அந்தக் கணினியின் 1541 டிரைவில் போடும் டிஸ்க் ஒரு பக்கத்துக்கு 170 கேபிதான் கொள்ளும், அதில் பெரும்பகுதியை விளையாட்டே எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்ட்ரோ எழுதியவர் மிச்சம் மீதியில்தான் குடித்தனம் நடத்தினார். அந்த நெருக்கடியில் பிறந்த கைவினை இது.

நார்வேயில் 1985-இல் தொடங்கிய ரேசர் 1911, ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஃபேர்லைட் ஆகியவை பெயர் போன குழுக்கள். 1911 என்பது ஆண்டு என்று பலர் நினைக்கிறார்கள். 16-அடிப்படை எண் முறையில் 777 என்று எழுதினால் நம் தசம முறையில் அது 1911. பெயரிலேயே கணக்கு வைத்தவர்கள் அவர்கள். டிஸ்குகள் தபாலில் ஊர் ஊராகப் போயின. இன்ட்ரோவின் ஓடும் வரியில் மற்ற குழுக்களுக்கு வணக்கம் சொல்வார்கள், அதற்கு கிரீட்ஸ் என்று பெயர்.

பூட்டு உடைப்பதை நான் இங்கே சொல்லித் தரவில்லை, சொல்லித் தரவும் மாட்டேன். அந்த விளையாட்டுகளை எழுதியவர்களும் இரவு பகல் உழைத்தவர்கள்தான், அவர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. ஆனால் 80-களின் பின்பகுதியிலேயே இன்ட்ரோ எழுதுவது உடைப்பதிலிருந்து பிரிந்து தனிக் கலையாகிவிட்டது. அந்தக் கலைதான் டெமோசீன். 2020-இல் ஃபின்லாந்தும், 2021-இல் ஜெர்மனியும் அதைத் தங்கள் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

சரி, வேலைக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் வேண்டும். பழைய டாஸ் கணினியை இன்றைய கணினிக்குள் அப்படியே நடித்துக் காட்டும் நிரல் அது. அப்புறம் இந்த 34 எண்கள்:

176 19 205 16
104 0 160 7
187 64 1
139 199 49 210 247 243
48 208 0 200 170
9 255 117 241
65 228 96 254 200 117 234 195

அந்தக் காலக் கணினிப் பத்திரிகைகள் நிரல்களை இப்படித்தான் டேட்டா வரிகளாக அச்சிட்டன. வாசகர்கள் எண் எண்ணாக அடிப்பார்கள். இவை பிசியின் செயலி நேரடியாகப் படிக்கும் கட்டளைகள், நடுவில் மொழிபெயர்க்க யாரும் இல்லை.

ஒவ்வொரு எண்ணும் ஒரே பைட்டாகக் கோப்புக்குள் போக வேண்டும். நோட்பேடில் 176 என்று அடித்துச் சேமித்தால் அது மூன்று எழுத்தாகப் போகும், ஓடாது. பைதான் தெரிந்தவர்கள் இவற்றைப் பட்டியலாக்கி, பைட்டுகளாக மாற்றி, பைனரி முறையில் ஒரு கோப்பில் எழுதிவிடலாம். மூன்று வரி வேலை. கோப்பைப் பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டர் பழகியவர்கள் 16-அடிப்படைக்கு மாற்றி அடிக்கலாம். கோப்பின் பெயர் புள்ளி காம் (.com) என்று முடிய வேண்டும். முடித்ததும் இரண்டைச் சரிபாருங்கள்: கோப்பின் அளவு மிகச் சரியாக 34 பைட், எண்களின் கூட்டுத்தொகை 4663. பத்திரிகைகளும் இப்படிக் கூட்டுத்தொகை தருவது வழக்கம், காரணம் இல்லாமல் இல்லை. நான் 241-ஐ 214 என்று அடித்துவிட்டு ஒரு முழுப் பிற்பகலைத் தொலைத்திருக்கிறேன். அந்த எண் எவ்வளவு தூரம் பின்னால் தாவ வேண்டும் என்பதைச் சொல்கிறது. 241 என்றால் 256-இலிருந்து 15 குறைவு, அதாவது 15 பைட் பின்னால். 214 என்றால் 42 பைட் பின்னால், நிரலின் தொடக்கத்தையும் தாண்டி வெளியே. கணினி அப்படியே உறைந்து நின்றது.

கோப்பு இருக்கும் ஃபோல்டரை டாஸ்பாக்ஸில் மவுண்ட் செய்து (அதாவது ஒரு டிரைவாக இணைத்து), கோப்பின் பெயரை அடித்து எண்டர் தட்டுங்கள். திரை முழுக்கச் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு நிறக் கம்பளம் விரிந்து, நிறங்கள் நகர ஆரம்பிக்கும். மெதுவாக நகர்ந்தால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்12-ஐப் பல முறை தட்டுங்கள், டாஸ்பாக்ஸ் வேகம் பிடிக்கும். எஸ்கேப் தட்டினால் நின்றுவிடும். நின்ற பிறகு எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தால் டாஸ்பாக்ஸை மூடித் திறந்தால் போதும்.

இப்போது அந்த எண்களைப் பிரித்துப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முதல் நான்கு எண்கள் திரையை 320 அகலம், 200 உயரம், 256 நிறம் என்ற விஜிஏ (பழைய பிசியின் வண்ணத் திரை) முறைக்கு மாற்றுகின்றன. 205 16 என்ற இணை, வீடியோவைக் கவனிக்கும் உள் நிரலைக் கூப்பிடும் அழைப்பு. டாஸில் டீபக் என்ற கருவியைக் கொண்டு அந்த ஃப்ளாப்பியின் இன்ட்ரோவைத் திறந்தபோது நான் முதன்முதலில் அடையாளம் கண்டுகொண்டது இந்த இணையைத்தான். தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது.

அடுத்த நான்கு, திரையின் நினைவகம் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. இந்த முறையின் அழகே அதுதான்: ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். அந்த இடத்தில் ஒரு எண்ணை வைத்தால் திரையில் ஒரு புள்ளி எரியும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 187 64 1 என்பது 320 என்ற எண்ணை எடுத்து வைத்துக்கொள்வது (64-உடன் 256-ஐக் கூட்டினால் 320).

பிறகு வருவது சுழற்சி. எத்தனையாவது பிக்சலில் நிற்கிறோம் என்ற எண்ணை 320-ஆல் வகுக்கிறது. ஈவு எந்த வரிசை, மீதி எந்தப் பத்தி. 48 208 என்ற இரண்டு எண்களும் அந்த இரண்டையும் எக்ஸார் செய்கின்றன, அதாவது பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்துப்போகும் இடத்தில் 0. கம்பளம் முழுவதும் இந்த இரண்டு பைட்டில்தான் பிறக்கிறது. 0 200 நேரத்தைக் கூட்டுகிறது, அதனால்தான் நிறம் நகர்கிறது. 170 அந்தப் பிக்சலைத் திரையில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. மற்றவை திரை முடிந்ததா, எஸ்கேப் தட்டினார்களா என்று பார்க்கும் காவல் வேலை. கடைசி 195 வீட்டுக்குத் திரும்புவது.

இனி மாற்றிப் பாருங்கள். 18-ஆவது எண் 48. அதை 32 ஆக்கி ஓடவிடுங்கள். எக்ஸாருக்குப் பதில் ஆண்ட் (இரண்டிலும் 1 இருந்தால் மட்டும் 1) ஆகிவிடும், சதுரங்கள் போய் முக்கோணத்துக்குள் முக்கோணம் தெரியும். சியர்பின்ஸ்கி முக்கோணம் என்று கணிதத்தில் சொல்வது இதுதான். வடிவியல் ஒரு வரிகூட எழுதாமல் ஒரே எண்ணை மாற்றி அது வந்து நிற்கும். 8 போட்டால் ஆர் (ஏதாவது ஒன்றில் 1 இருந்தாலே 1), அது வேறொரு முகம். 0 போட்டால் கூட்டல், வெறும் சாய்ந்த பட்டைகள். 20-ஆவது எண்ணான 0-வை 40 ஆக்கினால் நிறங்கள் எதிர்த்திசையில் ஓடும். 10-ஆவது எண்ணான 64-ஐ 63 ஆக்குங்கள்: வரிசைக்கு 319 பிக்சல் என்று நிரல் தப்புக்கணக்குப் போடும், வரிசைக்கு ஒரு பிக்சல் வீதம் படம் சாய்ந்துகொண்டே போகும். பல எஃபெக்டுகள் இப்படித் தவறிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டவைதான் என்பது இதைச் செய்யும்போது நன்றாகப் புரியும்.

இது பின்னணி. கிராக்ட்ரோவின் உயிர் ஓடும் எழுத்தில் இருக்கிறது. அதை ஸ்க்ரோலர் என்பார்கள். நீங்கள் எந்த நிரல்மொழியில் பழகியிருந்தாலும் இதைச் செய்யலாம், முறை ஒன்றுதான். 256 எண்கள் கொண்ட சைன் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சைன் கணக்கிட அந்தக் காலச் செயலிகளுக்கு நேரம் இருந்ததில்லை, அதனால் பட்டியலில் பார்த்து எடுப்பதுதான் மரபு. திரையை 320 பத்திகளாக நினையுங்கள். ஒவ்வொரு பத்திக்கும், பத்தி எண்ணோடு நேரத்தைக் கூட்டி, ஒரு எழுத்தின் அகலமான 8-ஆல் வகுத்தால் ஈவு எந்த எழுத்து, மீதி அந்த எழுத்தின் எந்தக் கீற்று. அந்தக் கீற்றை எவ்வளவு உயரத்தில் வரைவது என்பதைச் சைன் பட்டியல் சொல்லும். எழுத்தை எழுத்தாக வரையாமல் கீற்றுக் கீற்றாக வரைவதால்தான் எழுத்தே வளைந்து நெளிகிறது.

வேகத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பிக்சல், அல்லது இரண்டு. ஒன்றரை கூடாது. திரை ஒரு முறை வரைந்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். டாஸில் திரையின் நிலையைச் சொல்லும் 986 என்ற போர்ட்டைப் படித்து, 8 மதிப்புள்ள பிட் எரிகிறதா என்று பார்ப்பார்கள். அமிகா என்ற கணினியின் ஐரோப்பிய வகையில் நொடிக்கு 50 ஃப்ரேம், நமது 320 அகல விஜிஏ முறையில் 70. இன்றைய 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 ஃப்ரேம் ஸ்க்ரோலரைப் பார்த்தால் லேசாக இடறும். அந்த இடறலைப் பார்த்துவிட்டு பழைய ஸ்க்ரோலர்கள் இப்படித்தான் இருந்தன என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவை எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியவை.

தமிழில் ஸ்க்ரோலர் செய்ய ஆசை இருந்தால் செய்யுங்கள், நான் செய்தேன். 8 பிக்சல் அகலம் நமக்குப் போதாது, ணகரமும் ஞகரமும் அதில் நிற்காது. 16 எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் அகலத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். கொம்பு, துணைக்கால் இரண்டையும் தனித்தனித் துண்டுகளாக வைத்தால் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக வரும், தட்டச்சுப் பொறியில் அடிப்பது போல. உகர ஊகார எழுத்துகளுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை, கு, சு, மு என்று ஒவ்வொன்றையும் தனியாக வரைந்துதான் ஆக வேண்டும். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ‘வணக்கம்’ என்ற சொல் வளைந்து நெளிந்து முதல் முறை ஓடியபோது எழுந்து நின்றுவிட்டேன்.

இசைக்கு டிராக்கர், அதாவது சுரங்களை எண் வரிகளாக அடித்து இசையமைக்கும் நிரல். 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகாவுக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் தொடங்கிய வகை. நான்கு சேனல், மேலிருந்து கீழே ஓடும் எண் வரிகள். இன்று மில்கிடிராக்கர் இலவசமாகக் கிடைக்கிறது. கிராக்ட்ரோ இசையின் அந்தக் கிறுகிறுப்பான ஒலி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். நான்கே சேனலில் மூன்றை, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டமான ஒரு கார்டுக்குக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்று. அதனால் ஒரே சேனலில் மூன்று சுரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக வாசிப்பார்கள். மிகச் சின்ன அலைத்துண்டு ஒன்றை லூப்பில் ஓடவிட்டு, எஃபெக்ட் பத்தியில் 047 என்று அடியுங்கள், மேஜர் கார்டு. 037 என்றால் மைனர். 125 டெம்போவில் நொடிக்கு 50 முறை சுரம் மாறும். காது அதை ஒரே நடுங்கும் ஒலியாகச் சேர்த்துக் கேட்கும். இடப் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு, அதுவே அந்த இசையின் முகமாகிவிட்டது.

ஓடும் வரியில் என்ன எழுதுவது? யார் நிரல், யார் படம், யார் இசை என்று முதலில். அப்புறம் கிரீட்ஸ். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்களை எழுதுங்கள், ஆனால் அவர்கள் அதைப் பார்க்கும்படி அனுப்பியும் வையுங்கள். என் முதல் இன்ட்ரோவில் அண்ணனின் பெயரைப் போட்டேன். அது ஓடி வரும்வரை அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் ஃபின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ 1993-இல் அசெம்ப்ளி சந்திப்பில் காட்டிய செகண்ட் ரியாலிட்டியின் மூல நிரலைப் படிக்கலாம். 2013-இல் அதை அவர்களே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். முதல் வாசிப்பில் முழுவதும் புரியாது, பரவாயில்லை.

இப்போது நம் 34-க்கே திரும்பி வருவோம். டெமோசீனில் சைஸ்கோடிங் என்று ஒரு பிரிவு உண்டு, எவ்வளவு குறைந்த பைட்டில் எழுத முடியும் என்பதே அங்கே போட்டி. 2021 முதல் இணையவழியாக நடக்கும் லவ்பைட் என்ற சந்திப்பு முழுக்க அதற்கே ஆனது. அங்கே 32 பைட்டுக்கு ஒரு தனிப் போட்டி இருக்கிறது. நம்மிடம் இரண்டு பைட் அதிகம்.

இரண்டு பைட்டை எங்கே பிடிப்பது? முதலில் எல்லோரும் காவல் வேலையில்தான் கை வைப்பார்கள், எஸ்கேப்பைப் பார்க்கும் பகுதியை வெட்டுவார்கள். அதை வெட்டினால் நிரலிலிருந்து வெளியே வர வழி இருக்காது. நான் வகுத்தலில் கை வைத்தேன். 320-ஆல் வகுப்பதற்குப் பதில் 52429-ஆல் பெருக்குங்கள். 52429-ஐ 65536-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.8. பெருக்கலின் விடை 32 பிட்டில் வரும், அதன் மேல்பாதியை மட்டும் எடுத்தால் பிக்சல் எண்ணின் 0.8 மடங்கு கிடைக்கும். 320-இன் 0.8 மடங்கு எவ்வளவு? மிகச் சரியாக 256. ஒவ்வொரு வரிசையும் 256-ஆகச் சுருங்கிவிடுகிறது. 256 என்பது ஒரு பைட்டின் கொள்ளளவு. ஆக மேல் பைட்டில் வரிசையும் கீழ் பைட்டில் பத்தியும் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுகின்றன, பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. இந்தத் தந்திரம் ரரோலா என்ற புனைபெயருள்ள நிரலாளரின் பெயரால் வழங்குகிறது. முதல் முறை புரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

176 19 205 16
104 0 160 7
184 205 204 247 231
136 240 48 208 0 200 170
9 255 117 240
65 228 96 254 200 117 233 195

கூட்டுத்தொகை 4769, அளவு 32 பைட். தாவும் தூரங்களும் மாறியிருப்பதைக் கவனியுங்கள்: 241 போய் 240, 234 போய் 233. முதல் படத்தில் வலது ஓரத்தில் 64 பிக்சல் அகலத்துக்குக் கம்பளம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருப்பீர்கள். இதில் அது இல்லை, ஒரே கம்பளம் திரையின் அகலம் முழுவதும் விரிந்திருக்கும். இப்போது எக்ஸார் 48 இருப்பது 15 பைட்டுகளுக்கு அடுத்து, 16-ஆவது இடத்தில். அதை 32 ஆக்கிப் பாருங்கள்.